மரத்துப்போன காலும் பேசும் செருப்பும்



தொட்டால் தெரிந்துகொள்ளும் பிளாஸ்டிக் தாள் ஒன்றைப் பற்றி இப்போது அடிக்கடி செய்தி வருகிறது. தோல் போல வளையும், ரப்பர் போல அமுங்கும். அதன்மேல் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்பதைக் கம்பியில்லாமல் செல்போனுக்குச் சொல்லிவிடும். அழுத்த உணரி என்று தமிழில் எழுதுகிறார்கள். சென்சார் என்றால் பேரப்பிள்ளைகளுக்குப் புரிகிறது. ரோபோவின் விரலில் ஒட்டலாம், செயற்கைக் கையில் ஒட்டலாம், கைக்கடிகாரப் பட்டையில் வைத்து நாடி பார்க்கலாம், செருப்புக்குள் வைத்துப் பாதத்தைக் கவனிக்கலாம் என்று பட்டியல் நீள்கிறது.

இந்தப் பட்டியலில் நம் வயதுக்காரர்களுக்கு வேண்டியது கடைசியில் இருப்பதுதான். ரோபோவுக்குத் தொடு உணர்ச்சி வந்தாலும் வராவிட்டாலும் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது. நம் காலுக்கு உணர்ச்சி போனால்தான் ஆபத்து. பேரையூர், டி.கல்லுப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கம் எந்தத் தெருவில் நின்று கேட்டாலும் நான்கு வீட்டுக்கு ஒருவராவது சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவராக இருப்பார். அவர்களில் எத்தனை பேருக்குக் கால் மரத்திருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. மரத்துப்போனது மரத்தவருக்கே தெரியாது, அதுதான் அந்த வியாதியின் குணம்.

இந்தச் சென்சாரை நான் வரவேற்கிறேன். ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு வரவேற்க வேண்டும் என்பது என் கருத்து. அதைச் சொல்ல வேலூரில் நடந்த ஒரு பழைய கதைக்குப் போக வேண்டியிருக்கிறது. முதலில் இந்தத் தாள் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

வால்வு ரேடியோ வைத்திருந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். இலங்கை வானொலி பிடிக்க ஒரு குமிழைத் திருகுவோமே, அதன் பின்னால் அரைவட்டத் தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து வெளியே வரும். ரேடியோ ரிப்பேர் செய்பவர்கள் அதைக் கேங் கண்டன்சர் என்பார்கள். தகடுகள் நகர்ந்தால் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் அளவு மாறும். அது மாறினால் ரேடியோ பிடிக்கும் அலைவரிசையும் மாறும். இந்தப் புதிய சென்சாரில் ஒரு வகை அதே வேலையைத்தான் செய்கிறது. மெல்லிய பிளாஸ்டிக்கில் இரண்டு உலோகப் படலங்கள், நடுவில் ரப்பர் போல ஒரு மெத்தை, பக்கத்தில் தட்டையாகச் சுற்றிய ஒரு கம்பிச் சுருள். மேலிருந்து அழுத்தினால் மெத்தை அமுங்கும், இரண்டு படலமும் நெருங்கும், அலைவரிசை மாறும். அருகில் கொண்டுவரும் ஒரு கருவி அந்த மாற்றத்தைப் படித்து இவ்வளவு அழுத்தம் என்று சொல்லிவிடும். சென்சாருக்குள் பேட்டரியே வேண்டாம். ஆனால் படிக்கும் கருவி மிக அருகில் இருக்க வேண்டும். தூரத்துக்குச் செய்தி அனுப்ப வேண்டுமானால் ஒரு சின்ன பேட்டரியும் புளூடூத்தும் சேர்க்க வேண்டும்.

இன்னொரு வகை, அழுத்தினால் தானே மின்சாரம் தருவது. இது உங்கள் வீட்டுச் சமையலறையில் ஏற்கெனவே இருக்கிறது. கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டரை அழுத்தினால் டக்கென்று ஒரு பொறி வருகிறதே, அதற்குள் பேட்டரி கிடையாது. உள்ளே இருக்கும் ஒரு துண்டின் மேல் அடி விழுகிறது, மின்சாரம் பிறக்கிறது. இதைக் கண்டுபிடித்தவர்கள் ழாக் கியூரி, பியேர் கியூரி என்ற சகோதரர்கள். ஆண்டு 1880. தம்பி பியேருக்கு அப்போது 21 வயது. மேரி கியூரியை மணந்தவர் இவர்தான். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இந்தப் பெயர்கள் பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். அழுத்தத்தை அளக்கும் அலகுக்கே பாஸ்கல் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயர்தான். பள்ளியில் மனப்பாடம் செய்த பெயர்கள் எழுபது வயதுக்கு மேல் கால் செருப்புக்குள் வந்து நிற்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வருகிறது, சந்தோஷமும் வருகிறது.

2010-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜெனான் பாவ் என்ற பேராசிரியை தலைமையில் ஒரு குழு, அந்த ரப்பர் மெத்தையைச் சமதளமாக வைக்காமல் கண்ணுக்குத் தெரியாத சின்னச்சின்னப் பிரமிடுகளாக வார்த்தது. பிரமிடின் முனை சுலபமாக நசுங்கும், காற்று இருக்கிற இடத்தில் ரப்பர் விரிந்துகொள்ளும். அதனால் ஒரு ஈ உட்கார்ந்தால்கூட அந்தத் தாளுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் உலகமெங்கும் இந்த ஆராய்ச்சி வேகம் பிடித்தது.

ஈ உட்கார்ந்தால் தாளுக்குத் தெரிகிறது. ஆணி ஏறினால் நம் ஆளுக்குத் தெரியவில்லை. இதுதான் விஷயம்.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒருவர் இருந்தார். பருத்தித் தரகு பார்த்தவர். சர்க்கரை வந்து பதினைந்து வருடத்துக்கு மேல். ஒரு நாள் சாயங்காலம் களத்திலிருந்து வந்து வீட்டுக்குள் நடந்திருக்கிறார். கூட்டிக்கொண்டிருந்த மருமகள், "மாமா, நில்லுங்க, நடக்காதீங்க" என்று கத்தியிருக்கிறாள். சிமென்டுத் தரையில் வாசலிலிருந்து நாற்காலி வரைக்கும் வரிசையாக ரத்தத் தடம். உள்ளங்காலில் சீமைக் கருவேல முள் ஒன்று செருப்பைத் துளைத்து ஏறி ஒடிந்திருந்தது. அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. "முள்ளா? எப்பம்மா குத்துச்சு?" என்று அவர் மருமகளிடமே கேட்டாராம். முள்ளை எடுத்தார்கள், மருந்து வைத்தார்கள். வலிதான் இல்லையே, மறுநாளே களத்துக்குப் போய்விட்டார். பத்தே நாளில் கால் வீங்கி, நாற்றம் வந்து, மதுரைக்குக் கொண்டு போனார்கள். முதலில் இரண்டு விரல், பிறகு கணுக்காலுக்கு மேலே. அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தார். திண்ணையிலேயே இருந்தார்.

முள் எல்லோருக்கும்தான் குத்துகிறது. நமக்குக் குத்தினால் அம்மா என்று கத்தி அந்தக் காலைத் தூக்கிவிடுவோம். புண் ஆறும்வரை நொண்டி நொண்டி நடப்போம். அந்த நொண்டல்தான் மருந்தில் பாதி. அவர் நொண்டவே இல்லை.

சர்க்கரை வருடக்கணக்கில் ரத்தத்தில் கூடுதலாக இருந்தால் நரம்புகள் கெடுகின்றன. உடம்பிலேயே நீளமான நரம்பு இடுப்பிலிருந்து கால் விரல் வரைக்கும் போகிறது. நீளமானதுதான் முதலில் பழுதாகிறது. அதனால்தான் மரப்பு விரல் நுனியில் ஆரம்பித்து மேலே ஏறுகிறது. கூடவே ரத்த ஓட்டமும் குறைந்தால் புண் ஆறுவது தாமதமாகும். சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சேர்ந்து செய்து 2023-ல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்று சொன்னது. 10 கோடி பேர் என்றால் 20 கோடிப் பாதங்கள்.

இப்போது வேலூருக்கு வருகிறேன்.

டாக்டர் பால் பிராண்ட் என்ற பெயரை நம் வயதுக்காரர்கள் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். ஆங்கிலேயர், ஆனால் பிறந்தது நம் கொல்லிமலையில், 1914-ல். அப்பா அம்மா மிஷனரிகள். ஒன்பது வயது வரை மலையில் செருப்பில்லாமல் ஓடித் திரிந்தவர். இங்கிலாந்து போய் அறுவை சிகிச்சை படித்து 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குத் திரும்பி வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் நோயாளிகளின் கை கால்களைப் பார்த்தவர், விரல்கள் ஏன் தேய்ந்து போகின்றன என்று கேட்க ஆரம்பித்தார். தொழுநோய் வந்தால் சதை அழுகி விரல் விழும் என்றுதான் அன்றைக்கு எல்லோரும் நம்பினார்கள். மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

துருப்பிடித்த பூட்டு ஒன்றை பிராண்ட் திறக்கப் பார்த்தார், முடியவில்லை. ஒரு நோயாளிச் சிறுவன் வந்து சாவியைப் பிடித்து ஒரே திருகாகத் திருகித் திறந்துவிட்டான். இந்தப் பையனுக்கு இவ்வளவு பலமா என்று அவன் கையைப் பார்த்தால் விரல் கிழிந்து எலும்பு தெரிந்தது. பையனுக்கு வலிக்கவே இல்லை. அங்கேதான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. தொழுநோய் விரலைத் தின்பதில்லை, வலியைத்தான் தின்கிறது. வலி போனபின், அடுப்புச் சூடும் அரிவாள் பிடியும் செருப்பு ஆணியும் ராத்திரி வரும் எலியும் விரலைத் தின்கின்றன. வார்டில் தூங்கும்போது எலி கடித்து விரல் போனவர்களும் இருந்தார்கள். அதற்காக அவர்களுக்குப் பூனை கொடுத்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார்.

காலுக்கு அவரும் அவருடன் வேலை செய்தவர்களும் கண்ட வழி, மென்மையான நுண்துளை ரப்பர் வைத்த செருப்பு. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று செருப்புக் கடையில் சர்க்கரைக்காரர்களுக்கு விற்கிறார்களே, அதன் பூர்வீகம் வேலூரும் அதை அடுத்த கரிகிரியும்தான்.

1966-ல் பிராண்ட் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் கார்வில் என்ற ஊரில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். வலி இல்லாததுதான் நோய் என்றால் செயற்கையாக ஒரு வலியைச் செய்து கொடுத்தால் என்ன என்று யோசித்தார். அரசாங்கப் பணம் கிடைத்தது. பொறியாளர்களைக் கூட்டினார். கையுறையிலும் காலுறையிலும் அழுத்த உணரிகளை வைத்தார்கள். இன்று புதிதென்று பேசுகிற விஷயத்தை அவர்கள் அப்போதே முயன்று பார்த்துவிட்டார்கள். ஒவ்வொரு உணரியும் நானூறு டாலருக்கு மேல் விலை. கொஞ்ச நாள் உபயோகத்தில் தேய்ந்தும் துருப்பிடித்தும் போயின. ஆனால் அந்த முயற்சி தோற்றதற்கு அது மட்டும் காரணமில்லை.

அழுத்தம் அளவு மீறினால் காதில் சத்தம் வருகிற மாதிரி செய்தார்கள். நோயாளிகள் சத்தத்தைக் கேட்டார்கள், கேட்டுக்கொண்டே வேலையைத் தொடர்ந்தார்கள். விளக்கு எரிகிற மாதிரி செய்தார்கள், அதையும் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்கள். கடைசியில் உணர்ச்சி மிச்சமிருந்த அக்குளில் சுரீரென்று மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். அப்போது என்ன செய்தார்கள் தெரியுமா? கொஞ்சம் பலமாக ஒரு திருகாணியை முடுக்க வேண்டியிருந்தால், சுவிட்சை அணைத்துவிட்டு முடுக்கினார்கள். வேலை முடிந்ததும் மறுபடி போட்டுக்கொண்டார்கள். இவர்கள் முட்டாள்கள் அல்ல. புத்திசாலிகள், ஒத்துழைத்தவர்கள். பல வருட உழைப்புக்குப் பிறகு அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். வலியைப் பற்றி 1993-ல் ஃபிலிப் யான்சியுடன் சேர்ந்து எழுதிய புத்தகத்தில் பிராண்ட் இதையெல்லாம் மறைக்காமல் எழுதியிருக்கிறார். வலிக்கு நம்மைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் இருக்கிறது. அணைக்கும் சுவிட்சு நம் கையில் இல்லாததால்தான் வலி வேலை செய்கிறது என்பது அவர் கண்ட முடிவு.

குமாஸ்தா வேலை பார்த்தவன் எனக்கு இது அந்தப் பாஷையில்தான் புரிகிறது. தபால் வந்து பதிவேட்டில் ஏறிவிட்டால் மட்டும் காரியம் நடந்துவிடாது. எண் போட்டு, தேதி போட்டு, கோப்பில் கட்டி வைத்துவிட்டால் அந்த மனு அங்கேயே தூங்கும். அதை எடுத்து நடவடிக்கை எழுதுகிற ஒருவர் வேண்டும். பிராண்டின் கருவி தபாலை ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்த்தது. நடவடிக்கை எடுக்க ஆள் இல்லை.

அப்படியானால் இன்றைய சென்சாரும் தோற்கத்தான் போகிறதா? அப்படியும் சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தில் மான்செஸ்டரைச் சேர்ந்த மருத்துவர்கள் 2019-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஏற்கெனவே ஒருமுறை காலில் புண் வந்து ஆறிய 58 சர்க்கரை நோயாளிகள். எல்லோருக்கும் செருப்புக்குள் சென்சார் வைத்தார்கள். பாதிப்பேருக்கு, ஒரே இடத்தில் நெடுநேரம் அழுத்தம் விழுந்தால் கைக்கடிகாரம் எச்சரித்தது. கொஞ்சம் நடங்கள், காலை மாற்றி வையுங்கள் என்று சொன்னது. மற்றவர்களுக்கு எச்சரிக்கை வரவில்லை. 18 மாதம் பார்த்ததில் எச்சரிக்கை பெற்றவர்களிடம் உள்ளங்கால் புண் 71 சதவீதம் குறைவு. ஒழுங்காகப் போட்டுக்கொண்டவர்களுக்கு இன்னும் நல்ல பலன். ஆய்வு சிறியதுதான். ஆனாலும் பிராண்ட் காலத்தில் தோற்றது இப்போது கொஞ்சம் ஜெயித்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் கணக்கில் இதற்கு இரண்டு காரணம். ஒன்று, அவர்கள் ஏற்கெனவே ஒருமுறை புண் வந்து பயந்தவர்கள். இரண்டாவது, கடிகாரம் கேட்டது சின்ன காரியம். செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிடு என்று கேட்கவில்லை, காலை மாற்றி வை என்றுதான் கேட்டது. சின்னதாகக் கேட்டால் மனிதன் செய்கிறான்.

இதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று கம்பியில்லாத் தொடர்பில் இருக்கிறது. பிராண்டின் கருவி நோயாளியிடம் மட்டும்தான் பேசியது. இன்றைய சென்சார் இன்னொருவரிடமும் பேச முடியும். என் பக்கத்துத் தெருக்காரரைக் காப்பாற்றக்கூடியவராக அன்று இருந்தது ரத்தத்தைப் பார்த்த மருமகள்தான். அவருக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்தது. அந்த மருமகளின் கண்ணைச் செருப்புக்குள் வைக்க முடிந்தால், அதுதான் இந்தக் கண்டுபிடிப்பின் உண்மையான பலன் என்று நினைக்கிறேன். அதற்கு மூன்று விஷயம் சரியாக வேண்டும்.

முதலாவது, நம் காலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். காலையிலிருந்து இரவுவரை ஷூ போட்டிருக்கும் நாட்டில் ஷூவுக்குள் சென்சார் வைப்பது சரி. நாம் செருப்பை வாசலில் விடுகிறோம். வீட்டுக்குள் வெறுங்கால், அடுப்படியில் வெறுங்கால், கோயிலில் வெறுங்கால், களத்திலும் பாதி நேரம் வெறுங்கால். சித்திரை வெயிலில் பிரகாரக் கல்லில் சுற்றிவந்து பாதம் கொப்பளித்ததை மறுநாள் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் நம்மில் உண்டு. நம்மவர்களின் கால் எங்கே அடிபடுகிறதோ அங்கேயெல்லாம் செருப்பு இல்லை. எனவே இங்கே அந்தச் சென்சார் செருப்பில் மட்டும் இருந்தால் போதாது, பிளாஸ்திரி போலக் காலில் ஒட்டுவதாகவோ காலுறையாகவோ வர வேண்டும். கரிசல் சகதிக்கும் வியர்வைக்கும் தாங்க வேண்டும். வளையும் தாள் என்பதன் உண்மையான பரீட்சை ஆய்வுக்கூடத்தில் அல்ல, ஐப்பசி மழையில் நம் வரப்பில் நடக்கும்.

மின்சாரமே வேண்டாத வழிகளும் இருக்கின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்துப் பொறியாளர்கள் கர்நாடக நாளமில்லாச் சுரப்பியியல் ஆராய்ச்சி நிறுவனத்துடன் சேர்ந்து ஒரு செருப்பு செய்தார்கள். அதன் அடியில் சின்னச்சின்ன வளைவுகள். ஓரிடத்தில் அழுத்தம் அளவு மீறினால் அந்த வளைவு டக்கென்று கீழே மடங்கி அந்த இடத்தின் பாரத்தை இறக்கிவிடும். அழுத்தம் நீங்கினால் பழையபடி எழுந்து நிற்கும். சென்சார் இல்லை, பேட்டரி இல்லை, யாரும் எதையும் அணைக்கவும் முடியாது. பிராண்ட் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். செய்தி சொல்லி அனுப்பாமல் நடவடிக்கையை அங்கேயே எடுத்துவிடுகிறது.

இரண்டாவது, மறுமுனையில் ஆள் வேண்டும். கோயம்புத்தூரிலோ துபாயிலோ இருக்கிற மகனின் போனுக்கு, அப்பாவின் இடது காலில் அழுத்தம் கூடுகிறது என்று நள்ளிரவில் செய்தி வந்தால் அவன் என்ன செய்வான்? கவலைப்படுவான். இங்கே நடந்து வந்து காலைத் தூக்கிப் பார்க்கிறவர் யார்? நம் மாநிலத்தில் அதற்கு ஆள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர் பெண்கள் வீடு தேடி வந்து சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். அந்தப் பெண்ணின் போனுக்குத்தான் அந்தச் செய்தி வர வேண்டும். அவளுக்கு அதற்கான பயிற்சியும், அந்த வேலைக்குரிய ஊதியமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஊதியத்தைச் சொல்லாமல் பொறுப்பை மட்டும் கூட்டுவது எனக்குச் சம்மதமில்லை. பாதம் பாதுகாப்போம் என்று அரசே ஒரு திட்டம் வைத்திருக்கிறது. கருவி வாங்குகிற தலைப்பில் ஒரு ரூபாய் ஒதுக்கினால், காலைப் பார்க்கிற கைக்கும் ஒரு ரூபாய் ஒதுக்க வேண்டும். கருவி வாங்கி அலமாரியில் பூட்டி வைத்த கதைகள் அரசு வேலை பார்த்த எவருக்கும் புதிதல்ல.

மூன்றாவது, சம்மதம். நான் எத்தனை அடி நடந்தேன், எங்கே நின்றேன், எத்தனை மணிக்கு எழுந்தேன் என்பதெல்லாம் செருப்பு வழியாக வெளியே போகும். நம் வயதில் நமக்கென்று மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். டீக்கடையில் அரைமணி நேரம் கூடுதலாக உட்கார்ந்ததற்குப் பிள்ளைகளிடம் கணக்குச் சொல்கிற நிலை வரக்கூடாது. ஆபத்து என்றால் மட்டும் பேசட்டும், மற்ற நேரம் செருப்பு செருப்பாக இருக்கட்டும். பிள்ளைகள் வாங்கித் தரும்போது இதைக் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் தப்பில்லை.

உடம்புக்கு ஆபத்து என்றால் மானம் பார்க்கலாமா, எல்லாம் தெரியட்டுமே என்று சில நண்பர்கள் சொல்வார்கள். அவர்களுக்கு என் பதில், பிராண்டின் நோயாளிகளை நினைத்துப் பாருங்கள் என்பதுதான். தொந்தரவு செய்கிற கருவியை மனிதன் அணைத்துவிடுவான். மரியாதையாக நடந்துகொள்கிற கருவியைத்தான் காலில் வைத்திருப்பான். அதனால் அந்தரங்கத்தைக் காப்பதும் காலைக் காப்பதும் ஒரே விஷயம்தான்.

இதெல்லாம் நம் ஊர்க் கடைக்கு வர எத்தனை வருடம் ஆகுமோ. அதுவரை காத்திருக்க நம் காலுக்கு நேரமில்லை. நல்ல வேளையாக, பேட்டரி தேவைப்படாத, துருப்பிடிக்காத, வளைந்து கொடுக்கிற அழுத்த உணரி ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் பத்துப் பத்தாக இருக்கிறது. விரல் நுனியைச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊரின் மருத்துவர்கள் 2011-ல் ஒரு பரிசோதனையைச் சொன்னார்கள். அதற்குக் காசு கிடையாது. சர்க்கரை உள்ளவர் கால் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். வீட்டில் இன்னொருவர் ஆள்காட்டி விரல் நுனியால் அவர் கால் விரல்களின் நுனியை லேசாகத் தொட வேண்டும். ஒன்றிரண்டு விநாடி போதும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவக் கூடாது. கட்டை விரல், நடுவிரல், சுண்டு விரல் என்று ஒரு காலுக்கு மூன்று, இரண்டு காலுக்கும் ஆறு. வலது, இடது என்று மாற்றி மாற்றித் தொடுங்கள். தொட்டது தெரிந்தால் வலது, இடது என்று அவர் சொல்ல வேண்டும். தெரியவில்லை என்றால் மறுபடி தொட்டுப் பார்த்து உதவி செய்யாதீர்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் அந்தக் காலுக்கு ஆபத்து இருக்கிறது என்று பொருள். மறுநாளே மருத்துவரிடம் போய்க் காலைக் காட்டுங்கள். சர்க்கரை எத்தனை என்று அவர் கேட்பதற்கு முன்பே, செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கிக் காட்டுங்கள். மேசைக்கு அடியில் இருக்கிற காலை யாரும் தானாகக் குனிந்து பார்க்க மாட்டார்கள்.

மரத்தது உறுதியானால் அதற்குப் பிறகு தினமும் இரண்டு வேலை. செருப்பைப் போடுமுன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள், அடியையும் திருப்பிப் பாருங்கள். இரவு படுக்குமுன் உள்ளங்காலை யாரிடமாவது காட்டுங்கள். குனிய முடியாதவர்கள் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து அதன்மேல் காலைப் பிடித்துப் பார்க்கலாம். ஒரு காலைவிட இன்னொன்று ஓரிடத்தில் சூடாக இருந்தால், சிவந்திருந்தால், கொப்புளம் இருந்தால், ஆறாத வெடிப்பு இருந்தால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு உட்காராதீர்கள். கால் ஆணியை பிளேடால் நீங்களே அறுக்காதீர்கள். வலிக்கவில்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சர்க்கரைக்காரர் காலில் வலிக்காத புண்தான் கெட்ட புண்.

தனியாக இருப்பவர்கள் நம்மில் அதிகம் என்று எனக்குத் தெரியும். கண்ணாடி அவர்களுக்குப் பாதி உதவும். விரல் பரிசோதனைக்கு இன்னொரு கை வேண்டும். மாத்திரை கொடுக்க வரும் அந்தப் பெண்ணிடம், "தாயீ, அப்படியே என் கால் விரலை ஒரு தொடு தொட்டுப் பாரும்மா" என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். இந்தச் சின்ன பரிசோதனை அவர்களுடைய வழக்கமான வேலைப் பட்டியலில் சேர வேண்டும் என்று கேட்டு, ஓய்வூதியர் சங்கக் கூட்டங்களில் ஒரு தீர்மானம் போடலாம். பேரையூர் வட்டத்தில் நான் எழுதித் தருகிறேன். மனு எழுதுவது எனக்குப் பழகிய வேலைதான்.

சென்சார் வரட்டும். வரும்போது வாங்கிக்கொள்வோம். இந்தப் பதிவைப் படித்தவர்கள் இன்று இரவு வீட்டில் ஒருவருடைய ஆறு விரல்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எத்தனை தெரிந்தது என்று எனக்கு எழுதுங்கள்.